மசோதா சட்டமாகும் முன் உங்கள் கருத்தைக் கொண்டுசேர்ப்பது எப்படி?

செய்தியில் ஒரு மசோதாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைத் தேடிப் படித்து, கருத்து எழுதலாம் என்று உட்காரும்போது பெரும்பாலும் கெடு முடிந்திருக்கும். மக்களவையில் விவாதம் நடக்கிற அன்றுதான் ஊரெல்லாம் பேச்சு கிளம்புகிறது. அன்றைக்கு அந்த மசோதாவில் ஒரு காற்புள்ளியை மாற்றக்கூட வெளியில் இருப்பவருக்கு நேரடி வழி கிடையாது. குடிமக்கள் எழுதுவதை வாங்கிப் படிக்க அரசோ நாடாளுமன்றமோ முன்வரும் முக்கியத் தருணங்கள் மூன்று: அமைச்சகம் வரைவை வெளியிடும்போது, நாடாளுமன்றக் குழு கருத்துக் கேட்கும்போது, சட்டம் வந்தபின் விதிகளின் வரைவு வரும்போது. மூன்றுமே சில வாரங்கள்தான் திறந்திருக்கும்.

தொழிற்சங்கமோ, நுகர்வோர் அமைப்போ, மாற்றுத்திறனாளிகள் சங்கமோ, தனியாளோ, யாராக இருந்தாலும் இந்த மூன்றையும் தவறவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம். இது இந்திய நாடாளுமன்றத்துக்கு மட்டும் பொருந்தும். சட்டமன்றங்களின் நடைமுறை வேறு.

1. யார் இயற்றும் சட்டம் என்று முதலில் பாருங்கள்

காவல்துறை, நிலம், உள்ளாட்சி போன்றவை மாநிலப் பட்டியலில் இருப்பவை. அவற்றுக்காக டெல்லிக்கு எழுதினால் பதிலே வராது, வந்தாலும் "மாநில அரசை அணுகவும்" என்றுதான் இருக்கும். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைத் திறந்து உங்கள் விஷயம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. வரைவு அறிவிக்கை, வரைவு விதி, வரைவுக் கொள்கை எதுவும் மசோதா ஆகாது. 2020-இல் பெரிதாகப் பேசப்பட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஒரு அறிவிக்கைதான். அது நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றப்பட வேண்டிய மசோதா அல்ல. அதைப் பற்றி நாடாளுமன்றக் குழு கருத்துக் கேட்கும் என்று காத்திருந்தவர்கள் அமைச்சகம் கொடுத்த கெடுவைக் கோட்டைவிட்டிருப்பார்கள். தாளின் தலைப்பில் "பில்" என்று இருக்கிறதா, "நோட்டிஃபிகேஷன்" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

2. வரைவு நிலை: 30 நாள் அவகாசம்

2014-இல் மத்திய அரசு ஏற்ற முன்சட்ட ஆலோசனைக் கொள்கையின்படி, சட்ட வரைவையோ அதன் முக்கிய அம்சங்களையோ அமைச்சகம் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். ஏன் இந்தச் சட்டம் தேவை, செலவு எவ்வளவு, யாருடைய உரிமையைத் தொடும் என்ற விளக்கக் குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் அமைச்சகத்தின் தளத்தில் போட வேண்டும்.

ஆனால் இது கொள்கை மட்டுமே, சட்டக் கட்டாயம் இல்லை. முடியாது என்று ஒரு துறை நினைத்தால், காரணத்தை அமைச்சரவைக் குறிப்பில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகலாம். ஆகவே எல்லா மசோதாவுக்கும் இந்த வாய்ப்பு வரும் என்று நம்பி இருக்காதீர்கள். வந்தால் விடாதீர்கள்.

விடக்கூடாது என்று அழுத்திச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் உண்டு. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவு 2022 நவம்பர் 18 அன்று வெளியானது. கருத்துச் சொல்லக் கெடு டிசம்பர் 17 வரை, பிறகு 2023 ஜனவரி 2 வரை. மசோதா மக்களவையில் அறிமுகமானது 2023 ஆகஸ்ட் 3. ஆகஸ்ட் 7 அன்று மக்களவை, 9 அன்று மாநிலங்களவை, 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். எந்தக் குழுவுக்கும் போகவில்லை. வரைவு நிலையில் எழுதாதவருக்கு அந்த மசோதாவில் வேறு நேரடி வாய்ப்பே கிடைக்கவில்லை.

வரைவு வந்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் துறைக்கான அமைச்சகத்தின் இணையதளத்தில் "வாட்ஸ் நியூ" பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். குடிமக்கள் கருத்துக்காக மத்திய அரசு நடத்தும் மைகவ் தளத்தையும் பாருங்கள். செய்தித்தாளை நம்பினால் முதல் பத்து நாள் போய்விடும். கருத்தை அமைச்சகம் சொன்ன மின்னஞ்சலிலோ படிவத்திலோதான் அனுப்ப வேண்டும். படிவமாக இருந்தால் சமர்ப்பித்த திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒப்புகை மின்னஞ்சல் வராமலும் போகும்.

கெடு முடிந்தபின் வரைவு சட்ட அமைச்சகத்துக்கும் பிறகு அமைச்சரவைக்கும் போகும். அந்தக் கட்டத்துக் கோப்பு வெளியில் வராது. வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் ₹10, பதிலுக்குக் கெடு 30 நாள், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அமைச்சரவைக் குறிப்பைக் கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்பதால், கருத்துச் சுருக்கத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

3. அறிமுகம்: கையில் எடுக்க வேண்டிய தாள்கள்

நாடாளுமன்றம் வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை கூடும்: பட்ஜெட் கூட்டத்தொடர், மழைக்காலக் கூட்டத்தொடர், குளிர்காலக் கூட்டத்தொடர். ஒவ்வொன்றும் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே, எந்தெந்த மசோதாக்களை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற பட்டியல் மக்களவைச் செயலகத்தின் அறிவிப்பு ஏடான புல்லட்டின் பகுதி 2-இல் வரும். நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பட்டியலில் இல்லாத மசோதாவும் நடுவில் வரும், பட்டியலில் உள்ளது வராமலும் போகும். ஆனாலும் தயாராக அதைவிட நல்ல குறிப்பு வேறில்லை.

அந்தந்த நாளின் அலுவல் பட்டியல் பொதுவாக முந்தைய நாளே தளத்துக்கு வந்துவிடும். அதோடு நிறுத்தாமல் காலையில் துணை அலுவல் பட்டியலையும் பாருங்கள். அவசரமாகக் கொண்டுவரும் மசோதா அதில்தான் ஒளிந்திருக்கும். அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே உறுப்பினர்களுக்கு நகல் தர வேண்டும் என்பது சபாநாயகரின் பணிப்புரை, அதைத் தளர்த்தவும் அவரால் முடியும்.

மசோதாவின் பிடிஎஃப்-ஐ இறக்கியதும் பலரும் கூறுகளை (சட்டத்தில் பிரிவு எனப்படுவது மசோதாவில் கூறு) மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கடைசிப் பக்கங்களில்தான் பயனுள்ள சரக்கு இருக்கிறது:

நோக்கக் காரண விளக்கவுரை: அரசு இந்தச் சட்டத்தை எதற்காகக் கொண்டுவருவதாகச் சொல்கிறது என்பது இதில் இருக்கும். உங்கள் வாதத்தை இதை வைத்தே கட்டலாம். "நீங்கள் சொன்ன நோக்கத்துக்கே இந்தக் கூறு இடைஞ்சல்" என்று எழுதுவது குழுவில் எடுபடும்.

நிதிக் குறிப்பு: அரசுக் கருவூலத்திலிருந்து எவ்வளவு செலவு. புதிய ஆணையம் அமைப்பதாகச் சொல்லிவிட்டு இங்கே கூடுதல் செலவு இல்லை என்று இருந்தால், அந்த ஆணையத்துக்கு ஆள் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.

ஒப்படைக்கப்பட்ட சட்ட அதிகாரம் பற்றிய குறிப்பு: எதையெல்லாம் பிறகு விதியாக எழுதிக்கொள்ளப் போகிறார்கள் என்ற பட்டியல். இதைப் படிக்காமல் கருத்து எழுதக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். முக்கியமானதெல்லாம் "வகுக்கப்படும் விதிகளின்படி" என்று தள்ளிவைக்கப்பட்டிருப்பது இங்கேதான் ஒரே பார்வையில் தெரியும்.

இணைப்பு: திருத்த மசோதாவாக இருந்தால், தாய்ச் சட்டத்தில், அதாவது திருத்தப்படும் மூலச் சட்டத்தில், இப்போது என்ன இருக்கிறது என்ற பகுதி.

திருத்த மசோதாவில் புதியவர்கள் வழுக்கும் இடம் எண்கள். மசோதாவின் கூறு 4, தாய்ச் சட்டத்தின் பிரிவு 9-ஐத் திருத்துவதாக இருக்கும். "பிரிவு 4-ஐ எதிர்க்கிறோம்" என்று எழுதினால் படிப்பவர் தாய்ச் சட்டத்தின் பிரிவு 4-ஐத் தேடிக்கொண்டிருப்பார். "மசோதாவின் கூறு 4, தாய்ச் சட்டத்தின் பிரிவு 9" என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

மசோதா எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மக்களவையில் தொடங்கியதற்கு 2023-இன் 113 என்பதுபோல எண் வரும், மாநிலங்களவையில் தொடங்கியதற்கு ரோமன் எண் வரும். பெயரை மட்டும் நம்பக் கூடாது. வருமான வரி மசோதா 2025 பிப்ரவரி 13 அன்று வந்தது, தெரிவுக்குழுவுக்குப் போனது, ஆகஸ்ட் 8 அன்று திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்ட் 11 அன்று "வருமான வரி (எண் 2) மசோதா" என்று புதிதாக வந்து அன்றே மக்களவையில் நிறைவேறியது. பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் மசோதாக்களும் இப்படித்தான்: 2023 ஆகஸ்டில் வந்தவை டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டு, இரண்டாவது பதிப்பாக வந்தன. பழைய பிடிஎஃப்-ஐ வைத்துக்கொண்டு பேசினால் இல்லாத கூறை எதிர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

4. குழுவுக்குப் போகிறதா, எந்தக் குழு?

குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. அனுப்பினால் இரண்டு வகை. வேறுபாடு தெரிந்திருந்தால் எழுதும் முறையே மாறும்.

துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. 16 மக்களவைச் செயலகத்தின் கீழ், 8 மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ். ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. இவை மசோதாவைத் தாங்களே திருத்துவதில்லை. அறிக்கையாகப் பரிந்துரை தருவார்கள், ஏற்பதும் தள்ளுவதும் அரசின் கையில்.

கூட்டுக்குழுவும் (இரு அவை உறுப்பினர்களும் இருப்பது) தெரிவுக்குழுவும் (ஒரே அவையின் உறுப்பினர்கள் இருப்பது) ஒரு குறிப்பிட்ட மசோதாவுக்காகவே அமைக்கப்படுபவை. இவை மசோதாவின் வாசகத்தையே மாற்றி, "குழு அறிக்கையிட்டபடி" என்ற புதிய பதிப்பைத் தரும். அதில் சேர்த்த சொற்களுக்கு அடிக்கோடோ பக்கக்கோடோ இருக்கும், நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். ஆகவே கூட்டுக்குழுவுக்கு எழுதும்போது மாற்று வாசகம் இல்லாத மனு பாதி வேலைதான். நிலைக்குழுவுக்கு எழுதும்போது கொள்கை வாதத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

குழுவுக்கு அனுப்பிய செய்தியும் புல்லட்டின் பகுதி 2-இல் வரும். குழுவின் பக்கத்திலேயே உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி உறுப்பினர் யாராவது அதில் இருக்கிறார்களா என்று அன்றே பாருங்கள்.

5. கருத்து மனு: அழைப்பு, கெடு, வடிவம்

குழு செய்தித்தாளில் விளம்பரமும் செய்திக்குறிப்பும் வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். கெடு பெரும்பாலும் 15 நாள். வக்ஃப் திருத்த மசோதா 2024-க்கான கூட்டுக்குழுவும் 15 நாள்தான் கொடுத்தது. விளம்பரம் வந்தபின் மசோதாவைப் படிக்கத் தொடங்கினால் எழுத நேரம் இருக்காது. குழுவுக்குப் போனது என்று தெரிந்த அன்றே எழுதத் தொடங்கிவிடுங்கள், விளம்பரம் வந்ததும் முகவரியை மட்டும் சேர்த்தால் போதும்.

விளம்பரத்தில் வழக்கமாகக் கேட்பவை: ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிய மனு, இரண்டு நகல், பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல். நேரில் வந்து சாட்சியம் சொல்ல விருப்பம் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடச் சொல்வார்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டு, பிறகு "எங்களைக் கூப்பிடவில்லை" என்று வருந்திப் பயனில்லை.

தமிழில் மட்டும் அனுப்பாதீர்கள். தமிழர்கள் பெருமளவில் பாதிக்கப்படும் சட்டத்துக்கும் தமிழ் மனுவை வாங்க ஏற்பாடு இல்லாதது வேதனைதான். அதற்காக உங்கள் வாதம் படிக்கப்படாமல் போகக் கூடாது. தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை முதலிலும் தமிழ் மூலத்தைப் பின்னாலும் வையுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பதென்றால் இந்த முழு வேலையிலும் பெரிய செலவு அதுதான். மசோதா நகல், மின்னஞ்சல், அலுவல் பட்டியல் எல்லாம் இலவசம். அச்சு நகலை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பும் செலவு மட்டும் கூட வரும். மொழிபெயர்ப்புச் செலவைக் குறைக்க, மனுவைச் சுருக்குவதே வழி. நாலைந்து பக்கம் போதும்.

உள்ளே எப்படி இருக்க வேண்டும்? முதல் பக்கத்தில் நீங்கள் யார், இந்த மசோதா உங்களை எப்படித் தொடுகிறது, எந்தெந்தக் கூறில் மாற்றம் கேட்கிறீர்கள் என்பது மட்டும். இரண்டாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கூறாக. கற்பனையாக ஒன்றை எழுதிக் காட்டுகிறோம். ஒரு மசோதாவில், அதிகாரி உரிமத்தை ரத்து செய்தால் "உத்தரவின் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள்" மேல்முறையீடு செய்யலாம் என்று இருக்கிறதாம்.

இடம்: கூறு 14, உட்கூறு 2. பக்கம் 6, வரி 21 முதல் 24 வரை. (மசோதாவின் ஓரத்தில் ஐந்து வரிக்கு ஒருமுறை எண் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து எண்ணுங்கள்.)

இப்போதைய வாசகம்: அப்படியே, ஒரு சொல் மாறாமல்.

சிக்கல்: நாள் கணக்கு உத்தரவு போட்ட தேதியிலிருந்து ஓடுகிறது. உத்தரவு தபாலில் வந்து சேரவே ஒரு வாரம் ஆனால், மிச்சம் இருப்பது எட்டு நாள். வழக்கறிஞர் பிடித்து ஆவணம் சேர்க்க அது போதாது. தாமதத்தை மன்னிக்கவும் வழி இல்லை.

மாற்று வாசகம்: "உத்தரவு கிடைக்கப்பெற்ற தேதியிலிருந்து 30 நாட்களுக்குள், போதிய காரணம் இருந்தால் அதற்குப் பின்னும் மேல்முறையீட்டு அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம்."

முன்மாதிரி: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 19(1). அதில் கெடு முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள், தாமதத்தை மன்னிக்கவும் இடம் இருக்கிறது.

இந்தக் கடைசி வரிக்குத்தான் எடை அதிகம். நாடாளுமன்றமே முன்பு ஏற்றுக்கொண்ட வாசகத்தை எடுத்துக் காட்டினால், "இது நடைமுறைக்கு ஒத்துவராது" என்று அமைச்சக அதிகாரி குழுவில் சொல்வது கடினம். உங்கள் துறையைச் சார்ந்த நாலைந்து மத்தியச் சட்டங்களை இந்தியா கோட் தளத்தில் தேடி வைத்துக்கொண்டால் முன்மாதிரி எளிதில் அகப்படும்.

ஒரே கடிதத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் அனுப்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆயிரம் கடிதத்தில் இருப்பது ஒரே வாதம்தான், செயலகம் அதை ஒன்றாகத்தான் தொகுக்கும். அதற்குப் பதில் பத்து அமைப்புகள் ஆளுக்கு இரண்டு கூறுகளை எடுத்து, களத்தில் பார்த்ததைச் சேர்த்து எழுதினால் பத்து வாதமும் பதிவாகும்.

கவனம்: குழுவிடம் கொடுத்த மனு குழுவின் ஆவணம் ஆகிவிடும். ரகசியமாக வைக்கப்படும், குழுவின் சிறப்புரிமைப் பாதுகாப்பும் அதற்கு உண்டு. அனுப்பிய கையோடு முகநூலில் போடாதீர்கள். மக்களிடம் பேச வேண்டுமானால் தனிக் கட்டுரையாக வேறு வாசகத்தில் எழுதுங்கள். சாட்சியத்துக்கு அழைத்தால் அந்தக் கூட்டமும் மூடிய அறையில்தான் நடக்கும், வெளியே வந்து அங்கே பேசியதைச் சொல்லக் கூடாது. அழைப்பு சில நாள் இடைவெளியில்தான் வரும். பயணச் செலவை யார் ஏற்பது என்பதை அன்றே செயலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.

அறிக்கை எப்போது வரும்? குழுவுக்குக் கொடுத்த கால அவகாசம் அடிக்கடி நீட்டிக்கப்படும். அதற்குள் மக்களவை கலைந்துவிட்டால், மக்களவையில் நிலுவையில் இருந்த மசோதா காலாவதி. மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் காத்திருந்ததும் அப்படியே. மக்களவைக்கு இன்னும் வராமல் மாநிலங்களவையிலேயே இருப்பது மட்டும் பிழைக்கும். கூட்டத்தொடர் முடிவதால் எந்த மசோதாவும் காலாவதி ஆகாது. காலாவதியான மசோதா புதிய அவையில் திரும்ப வந்தால் உங்கள் மனுவையும் புதிதாக அனுப்புங்கள், பழையது தானாகப் போய்ச் சேராது.

6. குழுவுக்கே போகாவிட்டால்

அப்போது இருக்கும் வழி உறுப்பினர்கள்தான். அவர்களிடம் "இந்த மசோதாவை எதிர்த்துப் பேசுங்கள்" என்று கேட்பதைவிட "இந்தத் திருத்தத்தைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். திருத்த நோட்டீஸை மசோதா விவாதத்துக்கு எடுக்கப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு உறுப்பினர் ஆட்சேபிக்கலாம். ஆகவே உங்கள் வரைவு அவர் கைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். மேலே காட்டிய பக்கம்-வரி வடிவத்தில், ஆங்கிலத்தில், ஒரே தாளில். "பக்கம் 6, வரி 22-இல், '15' என்பதற்குப் பதிலாக '30' எனச் சேர்க்க" என்பதுதான் நோட்டீஸின் நடை. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் நிலையில் இருந்தால் அவர் கொடுப்பார். நீங்கள் பத்துப் பக்கக் கட்டுரை கொடுத்தால் உதவியாளர் அதை ஓரமாக வைத்துவிடுவார்.

உறுப்பினர்களின் டெல்லி முகவரி, மின்னஞ்சல் எல்லாம் சன்சத் தளத்தில் இருக்கின்றன. கூட்டத்தொடர் நாட்களில் அவர்கள் டெல்லியில் இருப்பார்கள், தொகுதி அலுவலகத்தில் கொடுத்த தாள் அவர்களை அடையத் தாமதமாகும். இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள்.

இதோடு மனுக்கள் குழு என்ற வழியும் உண்டு. அறிமுகமான மசோதாவைப் பற்றியும் அவைக்கு மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. தமிழில் எழுதினால் கையொப்பமிட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். மெதுவான வழி என்பதால், நாலு நாளில் ஓடிவிடும் மசோதாவுக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

7. விவாதமும் வாக்கெடுப்பும்

இங்கே உங்களுக்கு வேலை குறைவு, கவனிக்க வேண்டியது மட்டும் உண்டு. பொது விவாதம் முடிந்ததும் கூறு கூறாக எடுப்பார்கள். உறுப்பினர் திருத்தம் அப்போதுதான் முன்மொழியப்படும். குரல் வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு இருக்காது. பெயர்ப்பதிவு வேண்டுமானால் யாராவது ஒரு உறுப்பினர் டிவிஷன் கேட்க வேண்டும். இதையும் உங்கள் உறுப்பினரிடம் முன்பே சொல்லிவைக்கலாம்.

அமைச்சரே கடைசி நேரத்தில் திருத்தம் கொண்டுவருவது உண்டு. அதனால் அறிமுகமான பதிப்பை ஒதுக்கிவிட்டு, "மக்களவை நிறைவேற்றியபடி" என்ற பதிப்பைப் புதிதாக இறக்குங்கள். அடுத்த அவை உறுப்பினருக்கு எழுதும்போது பக்கமும் வரியும் அதில் மாறியிருக்கும்.

பண மசோதா (வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் பற்றியது) என்று சபாநாயகர் சான்றளித்திருந்தால் மாநிலங்களவையால் பரிந்துரை மட்டுமே தர முடியும், அதுவும் 14 நாளுக்குள். அந்த வகையில் மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு ஓடி அலைவதைவிட மக்களவையிலேயே முழு முயற்சியையும் போடுங்கள். அரசமைப்புத் திருத்தத்துக்கு அவையின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஆனால் அறிமுகத்துக்கு அது தேவையில்லை. ஒரே நேரத் தேர்தலுக்கான 129-ஆவது திருத்த மசோதா 2024 டிசம்பர் 17 அன்று 269-க்கு 198 என்ற வாக்கில் அறிமுகமாகி, 39 பேர் கொண்ட கூட்டுக்குழுவுக்குப் போனது அப்படித்தான்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம்தான் அதற்கு. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியும், மக்களவையைத் தாண்டவில்லை. அரசின் கவனத்தை ஒரு பிரச்சினையின் பக்கம் திருப்ப அது நல்ல வழி. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

8. ஒப்புதல் வந்தாயிற்று, அமலுக்கு வந்ததா?

குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் பின் சட்டம் அரசிதழ் சிறப்பிதழில், பாகம் 2, பிரிவு 1-இல் வெளியாகும். இ-கெஜட் தளத்தில் இலவசம். வெளியானதும் அமலுக்கு வந்துவிட்டது என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். முதல் பிரிவில், "மத்திய அரசு அறிவிக்கும் தேதியிலிருந்து" என்று இருந்தால், தனி அறிவிக்கை வரும் வரை அது தாளில்தான் இருக்கும். வெவ்வேறு பிரிவுக்கு வெவ்வேறு தேதியும் வரலாம். ஊதியச் சட்டத் தொகுப்புக்கு 2019 ஆகஸ்டிலும், மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு 2020 செப்டம்பரிலும் ஒப்புதல் கிடைத்தது. அமலுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது 2025 நவம்பர் 21. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய சட்டத்தைக் காட்டி வாதாடியிருந்தால் நிற்காது. அமல் தேதி அறிவிக்கையை அரசிதழ் பாகம் 2, பிரிவு 3(ii)-இல் தேடுங்கள்.

9. விதிகள்: மூன்றாவது வாய்ப்பு

கட்டணம், படிவம், கெடு, யார் எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் விதியில்தான் இருக்கும். அன்றாட வாழ்க்கையில் உங்களைத் தொடுவது பெரும்பாலும் சட்டத்தைவிட விதிதான். இந்தக் கட்டத்தில் ஊடகக் கவனம் வடிந்திருக்கும், எழுதுபவர்களும் குறைவு. ஆகவே நன்றாக எழுதிய ஒரு மனுவுக்கு இங்கே மதிப்பு கூடுதல்.

மூன்றாவது கட்டத்துக்கும் அதே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். சட்டம் 2023 ஆகஸ்டில். விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3 அன்று வந்தது. கருத்துக்கான கெடு பிப்ரவரி 18, பிறகு மார்ச் 5 வரை நீண்டது. இறுதி விதிகள் 2025 நவம்பரில் வந்தன, அதிலும் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் என்று. மசோதா நாடாளுமன்றத்தைக் கடக்க ஆறு நாள் எடுத்தது, விதி வர இரண்டு ஆண்டுக்கு மேல். அந்த இரண்டு ஆண்டும் அமைச்சகத்தின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே ஜனவரி 3 அன்று வரைவு கையில் கிடைத்தது.

வரைவு விதி அரசிதழில் பாகம் 2, பிரிவு 3(i)-இல் ஜிஎஸ்ஆர் எண்ணோடு (அரசிதழில் விதிகளுக்குத் தரும் வரிசை எண்) வரும். கருத்து அனுப்பும் முறை மசோதாவுக்குச் சொன்னதேதான்: விதி எண், இப்போதைய வாசகம், சிக்கல், மாற்று வாசகம். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சோதியுங்கள். தாய்ச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டி விதி எழுதப்பட்டிருக்கிறதா? சட்டத்தில் இல்லாத கட்டணத்தையோ தண்டனையையோ விதி நுழைத்திருந்தால், அதை முதல் புள்ளியாக எழுதுங்கள்.

இறுதி விதி வந்தபின்னும் அது இரு அவைகளிலும் மேசையில் வைக்கப்பட வேண்டும். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களாக மொத்தம் 30 நாள் அங்கே இருக்கும், அதற்கு அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் அதை மாற்றவோ நீக்கவோ முடியும். சட்டத்தை மீறிய விதி என்று தோன்றினால், விதிகளைச் சரிபார்ப்பதற்காக இரு அவைகளிலும் உள்ள சார்நிலைச் சட்டக் குழுக்களுக்கு எழுதுங்கள். விதியின் ஜிஎஸ்ஆர் எண், தேதி, மீறப்பட்ட சட்டப் பிரிவு ஆகிய மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.